அரிசி வண்டின் இரட்டை: ஒரு பெயர் இரண்டு பொருள்களைச் சுட்டிய வரலாறு

முன்னுரை

பெயர் பொருளைச் சுட்டி நிற்பது. ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் வழங்குதலால் நேரும் இடர்ப்பாடு பெரிதன்று. நிகண்டுகளும் அகராதிகளும் அதனைத் தீர்த்துவைக்கும். இரண்டு பொருள்கள் ஒரே பெயரின்கீழ் ஒடுங்கிக் கிடப்பதும், அவை இரண்டு என்பதே அறியப்படாது ஒழிவதும் அதனினும் பெரிய இடராகும். அப்பெயரிட்டு எழுதப்பெற்ற கூற்றுகள், எப்பொருளைப் பற்றியன என்று துணிய இயலாதனவாய் நின்றுவிடும்.

இத்தகைய இடர்ப்பாடு ஏறத்தாழ இருநூறாண்டுகள் நிலைத்திருந்து பின்னர்த் தீர்ந்தமைக்கு அரிசி வண்டின் வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். நம் இல்லங்களில் அரிசியை முறத்திலிட்டுப் புடைக்குங்கால் உதிரும் அச்சிறு வண்டினை அறியாதார் இலர். உலகெங்கணும் தானியக் களஞ்சியங்களில் பேரழிவு செய்யும் அவ்வண்டு ஓர் இனமன்று, இரண்டு இனங்கள் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் உறுதியாயிற்று. அவ்வுண்மை எவ்வாறு வெளிப்பட்டது, அதற்கு வண்டின் உடலைச் செம்மையாகப் பகுத்து அமைக்கும் முறை எங்ஙனம் துணைநின்றது, பெயர்கள் எவ்வாறு இடம் மாறின என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பெயரும் பொருளும் இயைந்து நிற்றல் எவ்வாறு என்பது மொழியாராய்ச்சியார்க்கும் உரிய வினாவாதலின், இவ்வரலாறு இவ்விதழ் பயில்வார்க்கும் பயன்படும் என்பது கருத்து.

1. ஒத்த உருவமும் உருவ வேற்றுமையும்

களஞ்சியத் தானியங்களைத் தாக்கும் கூன்வண்டுகளுள் மூன்று தலையாயவை. அவற்றுள் ஒன்று 1758-இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் பெயரிட்ட சிட்டோபிலஸ் கிரனேரியஸ் என்பது. 'தானியத்தை விரும்புவது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆகியது சிட்டோபிலஸ் என்னும் பேரினப் பெயர். கிரனேரியஸ் வண்டு பறக்க இயலாதது. அதன் முன்சிறகுகளில் புள்ளிகள் இல்லை. மார்பின் மேற்புறத்துக் குழிகள் நீள்வடிவின. ஆதலின் அதனை ஏனையவற்றினின்று பிரித்தறிதல் எளிது.

எஞ்சிய இரண்டே இக்கட்டுரைக்குப் பொருளாவன. இரண்டும் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளமுடையன. இரண்டிற்கும் தலை முன்னோக்கி நீண்டு மூக்குப்போல் வளைந்திருக்கும். இரண்டின் முன்சிறகுகளிலும் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் நான்கு உண்டு. இரண்டிலும் பெண்வண்டு தானிய மணியைத் துளைத்து முட்டையிட்டுத் துளையைப் பசைபோன்ற பொருளால் அடைத்துவிடும். காலற்ற புழு மணியின் உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வண்டாகி வெளிப்போதரும். தெளிவு கருதி, இவற்றுள் சிறியதனைச் சிற்றுரு என்றும் பெரியதனைப் பேருரு என்றும் ஈண்டு வழங்குவோம்.

சிற்றுரு, பேருரு எனப் பெயரிட்டமையின் அளவு ஒன்றே இவற்றைப் பிரிக்கப் போதும் எனக் கருதுதல் கூடாது. புழு எம்மணியுள் வளர்ந்ததோ அம்மணியின் பருமனைப் பொறுத்து வண்டின் அளவும் வேறுபடும். சிறிய மணியில் வளர்ந்த பேருரு, பெரிய மணியில் வளர்ந்த சிற்றுருவின் அளவினதாகத் தோன்றுதல் கூடும். பேருருவின் மேனி பளபளப்பு மிக்கது, அதன் புள்ளிகள் தெளிவானவை என்பர். இவையும் மிகுதி, குறை என்னும் அளவில் நிற்பனவேயன்றி, உண்டு, இல்லை என்று வரையறுக்கத்தக்கன அல்ல. மார்பின் நடுக்கோட்டை ஒட்டிய புள்ளிக்குழிகள் பேருருவில் பெரும்பாலும் 20-க்கு மேற்பட்டும், சிற்றுருவில் 20-க்குக் குறைந்தும் காணப்படும். இஃது ஓரளவு துணைசெய்யும் அடையாளமேயாயினும், இடையெல்லையில் நிற்கும் வண்டுகளின்கண் ஐயத்தையே விளைக்கும். உண்ணும் தானியத்தைக் கொண்டு பிரித்தலும் இயலாது. நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகிய எதிலும் இவ்விரண்டும் வாழ வல்லன.

2. பெயர் பிறந்த காலம்

1763-இல் லின்னேயஸின் மாணவர் போவாஸ் யோஹான்சனின் ஆய்வேடாக, அரிய பூச்சிகள் நூறனைப் பற்றிய நூலொன்று வெளிவந்தது. அதன்கண் அரிசியில் வாழும் கூன்வண்டுக்குக் குர்குலியோ ஒரைசே என்னும் பெயர் இடப்பெற்றது. ஒரைசே என்பது 'அரிசியினது' எனப் பொருள்படும். ஓரினத்தைச் சில இலத்தீன் சொற்களால் விளக்கி அமைவதே அக்கால மரபு. நிறம், புள்ளி, வடிவம் என்னும் புறத்தோற்றமே அவ்விளக்கங்களின் உள்ளடக்கம். இரண்டு வண்டுகளும் அவ்விளக்கத்துள் அடங்குமாயின், அவற்றைப் பிரித்துணர அச்சொற்களில் வழியில்லை.

1855-இல் உருசிய நாட்டு வண்டியல் அறிஞர் மோட்சுல்ஸ்கி, மக்காச்சோளத்தின் பெயரால் சிட்டோபிலஸ் சீயாமைஸ் என்னும் புதிய இனமொன்றை வெளியிட்டார். அப்பெயர் நெடுங்காலம் மதிக்கப்படவில்லை. பின்வந்தோர் அதனை ஒரைசே என்பதன் மறுபெயராகவே கொண்டனர். புதிய பெயருக்குரிய பொருள் பழைய பொருளினின்று எவ்வாறு வேறுபடுகின்றது என்பதைப் பிறர் சோதித்தறியத்தக்க அடையாளம் அன்று நிலைபெறாமையே அதற்குக் காரணம் எனலாம். இவ்வாறு, ஒரு பெயர் பிறந்தும் வழக்கிழந்து கிடந்தது.

3. ஐயம் எழுந்த காலம்

ஐயம் முதற்கண் எழுந்தது வண்டுகளை வளர்த்து நோக்கியவர்களிடத்திலாகும். சப்பான் நாட்டில் தக்காஹாஷி என்பார் 1928-ஆம் ஆண்டிலும் 1931-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகளில், சிற்றுருவைப் பேருருவினின்று பிரித்துக் கலண்ட்ரா சாசாக்கியி என்னும் பெயரால் சுட்டினார். கலண்ட்ரா என்பது அக்காலத்தே இப்பேரினத்துக்குப் பலரும் வழங்கிய பெயர்.

1944-இல் ஆசுத்திரேலியாவில் பிர்ச் என்பாரும், இங்கிலாந்தில் ரிச்சர்ட்ஸ் என்பாரும், அரிசி வண்டின் இரண்டு கால்வழிகள் என்னும் பொருள்பற்றித் தனித்தனியே கட்டுரைகள் எழுதினர். இருவரும் இவற்றை அப்பொழுது தனியினங்கள் எனப் பெயரிட்டுரைத்தாரல்லர். ஒரே பெயருக்குள் அடங்கிய இருவேறு கால்வழிகள் என்றே குறித்தனர். அறிவியலில் இத்தகைய நிதானம் வேண்டற்பாலதே. ஆயின் 1954-இல் பிர்ச் தாமே இவற்றை உடன்பிறப்பினங்கள் எனத் தலைப்பிட்டு எழுதினார். தோற்றத்தால் ஒத்தும், இனப்பெருக்கத்தால் பிரிந்தும் நிற்கும் இனங்களைக் குறிக்க எர்னஸ்ட் மாயர் 1942-இல் வெளியிட்ட தம் நூலால் பரவச் செய்த கலைச்சொல் அது. பத்தாண்டுகளில் ஒரே ஆசிரியரின் சொல்லாட்சி மாறியமையை நோக்கின், கருத்து மெல்ல மெல்ல உறுதிபெற்றமை புலனாகும்.

1959-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சார்ந்த பிளாய்டு, நியூசம் ஆகியோர், அரிசி வண்டுத் தொகுதி பற்றிய தம் ஆய்வினை வெளியிட்டு இரண்டும் வெவ்வேறு இனங்களே என்று நிறுவினர். அந்நாளில், பிரித்துணர்ந்தோர் பேருருவுக்கு ஒரைசே என்னும் பழைய பெயரையும், சிற்றுருவுக்குச் சாசாக்கியி என்னும் புதிய பெயரையும் வழங்கினர். இவ்வழக்குப் பின்னர் மாறியமையை மேலே காண்போம்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. வண்டுகளை வளர்த்துக் கலப்பினை நோக்குவோர்க்கு இரண்டு இனங்கள் உண்டென்பது விளங்கும். ஆயின் களஞ்சியத்திலிருந்து எடுத்த ஒரு வண்டினை, அதிலும் இறந்து உலர்ந்த ஒன்றனைக் கையிற்கொண்டு, இஃது இன்ன இனம் என்று கூறுதற்கு வளர்ப்புச் சோதனை உதவாது. இறந்த உடலிலும் மாறாது நிற்கும் அடையாளம் ஒன்று வேண்டும். அவ்வடையாளம் புறத்தே இல்லை, உள்ளே இருந்தது.

4. உள்ளுறுப்பு நோக்கும் முறை

பூச்சிகளின் இனப்பெருக்க உறுப்புகள் இனந்தோறும் வேறுபடும் என்னும் கருத்து பழமையானது. பிரான்சு நாட்டு லெயோன் துபூர் 1844-இல் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் பூட்டும் திறவுகோலும் போல்வன என்றார். இனங்கள் தம்முட் கலவாமைக்கு அவ்வமைப்பே காரணம் என்னும் அவ்விளக்கம் இன்று முழுமையாக ஏற்கப்படுவதன்று. 1985-இல் எபர்ஹார்டு எழுதிய நூல் பெண்ணுயிரின் தேர்வினை வேறொரு காரணமாக முன்வைத்தது. காரணம் எதுவாயினும், நெருங்கிய இனங்களும் இவ்வுறுப்பால் வேறுபடுதல் பெரும்பான்மை என்னும் செய்தி நிலைபெற்றது. வண்டுகளைப் பொறுத்தவரை, 1912-இல் டேவிட் சார்ப், பிரெடரிக் மூயிர் ஆகிய இருவரும் இலண்டனில் வெளியிட்ட பேராய்வு இத்துறைக்கு அடிகோலியது. பல குடும்பங்களைச் சார்ந்த வண்டுகளின் ஆணுறுப்புக் குழலை ஒப்பிட்டு ஆராய்ந்தமை அதன் சிறப்பு.

அரிசி வண்டின்கண் இம்முறை தந்த முடிவு மிகத் தெளிவானது. பேருருவின் ஆணுறுப்புக் குழலின் மேற்புறத்தில் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள் உண்டு. அவற்றிடையே மேடொன்று நிற்கும். சிற்றுருவில் அப்பரப்பு பள்ளமின்றி வழவழப்பாகக் குவிந்திருக்கும். பெண்வண்டின் வயிற்றினுள் கவைவடிவில் ஒரு தகடு அமைந்துள்ளது. அதன் இருகிளைகளின் முனை பேருருவில் கூர்மையாகவும் சிற்றுருவில் மழுங்கியும் இருக்கும். மிகுதி, குறை என்னும் ஐயத்திற்கிடமான அளவுகள் நீங்கி, உண்டு, இல்லை என்னும் வரையறை கிடைத்தது.

இவ்வடையாளத்தைக் காண்டற்கு வண்டினைச் செவ்விதின் அமைத்தல் இன்றியமையாதது. அம்முறையினை ஒருவாறு விரித்துரைப்போம். இம்முறையின் ஒவ்வொரு படியும் ஒரு பிழையைத் தடுக்கும் பொருட்டே ஏற்பட்டதாகும்.

பெரிய வண்டுகளை ஊசியிற் கோக்குங்கால் வலப்பக்க முன்சிறகின் வழியே ஊசியைச் செலுத்துவர். நடுக்கோடும் இடப்பக்கமும் சிதையாது நிற்றற்கே இம்மரபு. மூன்று மில்லிமீட்டர் அளவினதாகிய அரிசி வண்டினை ஊசியாற் குத்தின் உடலே அழியும். ஆதலின் முக்கோண வடிவில் வெட்டிய சிறு அட்டையின் கூர்முனையில், வண்டின் வலப்பக்கத்தை இம்மியளவு பசையால் ஒட்டி, அட்டையின் அகன்ற பகுதியில் ஊசியைச் செலுத்துவர். வண்டு முழுவதையும் அட்டைமீது கிடத்தி ஒட்டும் வழக்கமும் உண்டு. அது காட்சிக்கு இனிதாயினும் அடிப்புறத்தை மறைத்துவிடும். பித்தளை ஊசிகள் உடற்கொழுப்புடன் கலந்து பச்சைக் களிம்பேறி உருப்படிகளை உடைத்தமையால், துருவேறாத எஃகூசிகள் இன்று வழங்குகின்றன.

உலர்ந்த வண்டின் மூட்டுகள் முறியும் இயல்பின. ஆகவே உறுப்பினை எடுக்குமுன் ஈரம் நிறைந்த மூடிய கலத்திலோ வெந்நீரிலோ இட்டு உடலை நெகிழ்விப்பர். முதற்கண் ஆண், பெண் வேறுபாட்டை மூக்கினைக் கொண்டு அறிதல் கூடும். ஆணின் மூக்குக் குட்டையாகவும் தடித்தும் சொரசொரப்பாகவும், பெண்ணின் மூக்கு நீண்டு மெலிந்து வழவழப்பாகவும் இருக்கும். பின்னர் நுண்ணூசியால் வயிற்றுப் பகுதியை உடலினின்று பிரித்தெடுப்பர். அதனை நூற்றுக்குப் பத்துப் பங்கு வலிமையுடைய பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில், இளஞ்சூட்டில் சிறிது நேரமோ, சூடின்றி ஓரிரவோ ஊறவிடுவர். அக்கரைசல் தசையையும் கொழுப்பையும் கரைத்துவிடும். கைட்டின் என்னும் வன்பொருளாலான உறுப்பினை அழிக்காது. நெடுநேரம் ஊறின் உறுப்பு வெளிறி நெளியும். குறைந்த நேரம் ஊறின் தசை ஒட்டிநின்று பள்ளத்தை மறைக்கும். அண்மையில் மணியினின்று வெளிவந்த செந்நிற இளவண்டின் உறுப்பு கடினப்படாது இருத்தலின், அது தரும் சான்று நம்பத்தக்கதன்று.

தூய நீரில் கழுவியபின் உறுப்பினைக் கிளிசரின் துளியில் வைத்து நுண்ணோக்காடியின்கீழ் நோக்குவர். ஒளி நேர்மேலிருந்து விழின் பள்ளங்கள் புலப்படாமற் போதல் உண்டு. பக்கத்திலிருந்து சாய்ந்து விழுங்கால் நிழலால் அவை தெளிவாகும். உறுப்பு ஒருபக்கம் புரண்டிருப்பின் குவிந்த பரப்பின் விளிம்பே மேடெனத் தோன்றி ஏமாற்றும். ஆதலின் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இருமுறை நோக்குதல் மரபு.

நோக்கி முடித்தபின் உறுப்பினை எறிந்துவிடாமை இம்முறையின் உயிர்நாடி. அதனைக் கிளிசரின் நிறைந்த சிறு குப்பியுள் இட்டு, அவ்வண்டு நிற்கும் அதே ஊசியிலேயே கோத்துவைப்பர். கிடைத்த இடம், நாள், தானியம், திரட்டியவர் பெயர் ஆகியவற்றைக் கொண்ட குறிப்புத்தாள் ஒன்றும், இனப்பெயரும் பெயர் துணிந்தவர் பெயரும் உடைய தாள் மற்றொன்றும் அதன்கீழ் நிற்கும். உடலும் உறுப்பும் பிரியின் இரண்டும் பயனற்றன. உறுப்பு எவ்வுடலுக்குரியது என்பது தெரியாது. உடல் எவ்வினத்தது என்பதும் தெரியாது. ஊசியொன்றே இரண்டையும் இணைத்து நிறுத்துகின்றது. பின்வரும் அறிஞர் ஒருவர் முன்னையோர் துணிவினை ஐயுறின், குப்பியைத் திறந்து தாமே காணலாம். இவ்வாய்ப்பே அறிவியற் கூற்றினைத் தனி மனிதர் கருத்தினின்றும் வேறுபடுத்துவது.

5. பெயர்கள் இடம் மாறியமை

இனங்கள் இரண்டு என்பது உறுதியாயிற்று. எப்பெயர் எதற்குரியது என்னும் வினா எஞ்சி நின்றது. உயிரியற் பெயரீட்டு நெறியில் முந்தைய பெயருக்கே உரிமை. அப்பெயர் முதலில் எவ்வுருவைக் கருதி இடப்பட்டதோ அவ்வுருவுக்கே அது சாரும். பெயரிட்டார் கையாண்ட உருப்படியை மூலவுரு என்பர். அதனாலேயே பழம்பெரும் திரட்டுகள் போற்றப்படுகின்றன. லின்னேயஸின் திரட்டு அவர் மறைவுக்குப்பின் 1784-இல் சேம்ஸ் எட்வர்டு சுமித் என்பாரால் விலைக்கு வாங்கப்பெற்று, 1829 முதல் இலண்டன் லின்னேயக் கழகத்தின் உடைமையாக விளங்குகின்றது.

1961-இல் கூன்வண்டு ஆய்வில் தலைசிறந்த சிலி நாட்டறிஞர் கில்லெர்மோ குஷெல், இத்தொகுதியின் மறுபெயர்ச் சிக்கல்களை ஆராய்ந்து கட்டுரையொன்று வெளியிட்டார். அவர் முடிவு வழக்கினைத் தலைகீழாக்கியது. லின்னேயஸின் ஒரைசே என்னும் பெயர் சிற்றுருவுக்கே உரியது. பேருருவுக்கு உரியது மோட்சுல்ஸ்கி 1855-இல் இட்ட சீயாமைஸ் என்னும் பெயர். தக்காஹாஷியின் சாசாக்கியி என்பது ஒரைசே என்பதன் மறுபெயரேயாம். இம்முடிவே இன்றளவும் வழங்குகின்றது. நூறாண்டுக்கு மேலாக மறுபெயரெனத் தள்ளப்பட்டிருந்த ஒரு பெயர் இவ்வாறு மீண்டும் உயிர்பெற்றது.

6. தீர்வின் பயனும் ஈடுசெய்ய இயலாத இழப்பும்

இம்மாற்றத்தால் ஒரைசே என்னும் சொல் மூன்று காலங்களில் மூன்று பொருள் உடையதாயிற்று. 1928-க்கு முற்பட்ட நூல்களில் அது சிற்றுரு, பேருரு இரண்டனுள் எதையும் குறிக்கும். 1928 முதல் 1961 வரை, இரண்டையும் பிரித்துணர்ந்த ஆசிரியர்களிடத்து அது பேருருவைக் குறிக்கும்; பிரித்துணராதாரிடத்து இரண்டையும் குறிக்கும். 1961-க்குப்பின் அது சிற்றுருவையே குறிக்கும். ஆகவே 1959-இல் எழுதப்பட்டதொரு கட்டுரையிற் காணும் ஒரைசே என்னும் பெயரை இன்றைய பொருளிற் கொள்வார், கூறப்பட்டதற்கு மறுதலையான வண்டினையே கருதுவர்.

இதன் விளைவு பெயரளவில் நிற்பதன்று. பேருரு நன்கு பறக்கும் ஆற்றலுடையது. வயலில் நிற்கும் மக்காச்சோளக் கதிரையே சென்று தாக்கி, அறுவடையோடு களஞ்சியம் புகும். சிற்றுருவிடத்துப் பறத்தல் குறைவு. களஞ்சியத்தைத் தூய்மை செய்வதோடு அமைவதா, கதிர் வயலில் நிற்கும்போதே காப்பினைத் தொடங்குவதா என்னும் வினாவிற்கு விடை, வண்டு எவ்வினம் என்பதைச் சார்ந்தது. இனம் அறியாது இயற்றிய சோதனையின் முடிவை நம்பி நடத்தல், உழவர்க்கும் களஞ்சியங் காப்பார்க்கும் பொருளிழப்பாய் முடியும்.

பழைய ஆய்வுகளை மீட்கும் வழி ஒன்றே. ஆய்வாளர் தாம் சோதித்த வண்டுகளுள் சிலவற்றை அமைத்துக் காத்திருப்பின், இன்று அவற்றின் உறுப்பினை நோக்கி இனத்தைத் துணியலாம். காவாது எறிந்தார் எனின், அவர் எத்துணைப் பொறுமையுடன் எண்ணி அளந்திருப்பினும், அவ்வெண்கள் எவ்வுயிரைப் பற்றியன என்பது என்றும் தெளிவாகாது. அவ்வாறு பொருளிழந்த உழைப்பே இவ்வரலாற்றின் பேரிழப்பு ஆகும்.

1996-இல் ஹிதாயத் முதலியோர் மூலக்கூற்று அடையாளங்களையும் உறுப்பமைப்பினையும் ஒருங்கே ஆராய்ந்து, இரண்டும் இனப்பெருக்கத்தால் பிரிந்த இனங்களே என மீண்டும் உறுதிசெய்தனர். உறுப்பு நோக்கிப் பெற்ற முடிவினை மரபுப்பொருள் ஆய்வு மறுக்கவில்லை, வலியுறுத்தவே செய்தது. இன்று மரபுப்பொருளைக் கொண்டே இனம் அறிதல் கூடும். எனினும், அம்மரபுப்பொருள் எவ்வுடலினின்று எடுக்கப்பட்டது என்பதைக் காட்டுதற்கு, ஊசியில் நிற்கும் அவ்வுருப்படி இன்றும் வேண்டப்படுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். இரண்டு இனங்கள் உண்டு என்னும் ஐயத்தை எழுப்பியது வளர்ப்புச் சோதனை. அவ்வையத்தைத் தீர்த்து, இறந்த வண்டினிடத்தும் சோதித்தறியத்தக்க அடையாளத்தைத் தந்தது உறுப்பாய்வு. பெயர்களை உரிய இடத்தில் நிறுத்தியது, அப்பெயர்கள் முதலில் எவ்வுருவைக் குறித்தன என்னும் ஆராய்ச்சி. இம்மூன்றும் நிகழ்ந்தது, செம்மையாக அமைத்துக் காக்கப்பெற்ற உருப்படி என்னும் ஒரே அடித்தளத்தின் மீதாகும்.

சுவடி ஆராய்வார்க்கு இது புதிய செய்தியன்று. பாடங்கள் வேறுபடுமிடத்து, இன்ன சுவடியில் இன்ன பாடம் உள்ளது என்று குறித்து, அச்சுவடியையும் காத்துவைப்பதே பதிப்பாசிரியர் கடன். சுவடி அழியின், பதிப்பாசிரியர் கூற்றை ஏற்பதன்றி மறுத்தற்கோ உறுதிசெய்தற்கோ வழியில்லை. வண்டின் உறுப்பைத் தாங்கிய சிறு குப்பியும் அத்தகைய சுவடியே. அரிசி மணியளவினதாகிய ஓர் உயிரின் பெயர் நிலைபெற ஏறத்தாழ இருநூறாண்டுகள் சென்றன. அது நிலைபெற்றமைக்குக் காரணம், முன்னோர் சிலர் தாம் கண்டதனைப் பின்னோரும் காணுமாறு காத்துவைத்துச் சென்றமையே.